கால் தெரியாமல் கை வைக்காதீர்!



ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ரிப்பேர் வேலைக்கு அது இன்னும் பொருந்தும்.

சென்னைக்கும் அந்தமானுக்கும் நடுவே சுமார் 1,200 கிலோமீட்டர் கடல். கப்பல் வர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். அதனால் ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது 2024-இல் பெயர் மாறிய போர்ட் பிளேரில், பழைய டி.வி.யைத் தூக்கி எறிய மனம் வராது. நல்ல பாகத்தைக் கழற்றி வேறொன்றில் போடுவார்கள். ஆனால் பாகத்தின் மேல் எழுத்து அழிந்திருக்கும். எந்தக் கால் எதற்கு?

முதலில் உயிரைக் காப்போம். பெரிய கண்டென்சரில் ஏறக்குறைய 325 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இருக்கும். தொட்டால் உயிர் போகலாம். ஸ்க்ரூ டிரைவரால் கால்களை இணைக்காதீர்கள், தீப்பொறி பறக்கும். ஹோல்டரில் 60 வாட் குண்டு பல்பை மாட்டுங்கள். அதன் இரண்டு வயர்களிலும் பிளாஸ்டிக் பிடி போட்ட முள் இருக்க வேண்டும். அவற்றைக் கண்டென்சரின் இரு கால்களிலும் சில நொடி வையுங்கள். பிறகு மீட்டரில் டி.சி. வோல்ட் பாருங்கள். பூஜ்யத்துக்கு அருகில் வந்த பிறகே அடுத்த வேலை. இதை யாரும் தனியாகச் செய்ய வேண்டாம்.

இனி நான்கு கால் உள்ள பிரிட்ஜ். ஏ.சி.யை டி.சி.யாக மாற்றுவது இதுதான். போர்டிலிருந்து கழற்றிவிட்டு, டிஜிட்டல் மீட்டரை டயோடு குறியில் வையுங்கள்.

சிவப்பு முள்ளை ஒரு காலில் வைத்து, கறுப்பு முள்ளால் மற்ற மூன்றையும் தொடுங்கள். மூன்றிலும் எண் காட்டினால் சிவப்பு இருப்பது மைனஸ் கால். கறுப்பை ஒரு காலில் நிறுத்தி, சிவப்பால் மற்ற மூன்றையும் தொட்டு எண் வந்தால் கறுப்பு இருப்பது பிளஸ் கால். மிச்சம் இரண்டும் ஏ.சி. கால்கள். அவற்றுக்கிடையே எந்தப் பக்கமும் எண் வராது. எந்த இரண்டு கால்களுக்கிடையேயாவது மீட்டர் 'பீப்' என்று கத்தினால் பாகம் எரிந்துபோனது. ஒதுக்கிவிடுங்கள்.

கால் தெரிந்ததால் அது எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பது தெரிந்துவிடாது. அதே அளவு வேலை செய்த இடத்தில் மட்டும் போடுங்கள். முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது வரிசையில் ஒரு குண்டு பல்பை இணையுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

காசு மிச்சமாவது நல்லதுதான். கை மிச்சமாவது அதைவிட நல்லது.