எலியா லெவித்தா: எல்லை கடந்த இலக்கண ஆசிரியர்



கிறித்தவ ஐரோப்பாவில் யூதர் வாழ்ந்த வாழ்வை எண்ணும்பொழுது, துன்பங்களே முதலில் நம் நினைவுக்கு வருகின்றன. 1492-இல் ஸ்பெயின் அவர்களை வெளியேற்றியது. 1516-இல் வெனிஸ் அரசு அவர்களை ஒரே பகுதிக்குள் குடியமர்த்தி, இரவுதோறும் அதன் வாயில்களைப் பூட்டியது; 'கெட்டோ' என்னும் பெயர் அங்கிருந்தே பரவியது. ஆயினும், இத்தகைய கட்டுப்பாடுகளுக்கு இடையே அச்சமூகம் தன் மொழியை எவ்வாறு காத்தது என்பதையும் நாம் அறிதல் வேண்டும். அதற்கு ஓர் ஆசிரியரின் வாழ்வைக் காண்போம்.

எலியா லெவித்தா 1469-இல் ஜெர்மனியின் நூரன்பர்க் நகருக்கு அருகே பிறந்தவர். இத்தாலியில் எபிரேய இலக்கணம் கற்பித்தவர். 1509-இல் பதுவா நகர் சூறையாடப்பட்டபொழுது உடைமைகளை இழந்தார். பின்னர் உரோமையில் கர்தினால் எகிதியோ அவரைக் குடும்பத்தோடு தம் இல்லத்தில் தங்கவைத்தார். லெவித்தா அவருக்கு எபிரேயம் கற்பித்தார்; 1518-இல் வெளிவந்த தம் இலக்கண நூலை அவருக்கே காணிக்கையாக்கினார். 1527-இல் உரோமையும் சூறையாடப்பட, மீண்டும் அனைத்தையும் இழந்து வெனிஸ் சென்றார். அங்கே தானியேல் பொம்பெர்க் என்னும் கிறித்தவரின் எபிரேய அச்சகத்தில் பிழைதிருத்துநரானார்.

மறைநூலின் மொழியைப் பிற சமயத்தாருக்குக் கற்பிக்கலாமா எனத் தம் மக்களே அவரைக் கடிந்தனர். மொழியின் அடிப்படைகளையே கற்பிப்பதாகவும், எபிரேயம் கற்ற கிறித்தவர் யூதருக்காகப் பரிந்து பேசுவதாகவும் அவர் மறுமொழி கூறினார்.

எபிரேய நெடுங்கணக்கு மெய்யெழுத்துகளால் ஆனது. உயிரொலிகளைப் புள்ளிகளும் கோடுகளும் காட்டும். அக்குறிகள் தொன்மையானவை எனப் பலர் நம்பிய காலத்தில், அவை தல்மூதுக்குப் பிற்பட்டவை என 1538-இல் எழுதினார். அவ்விவாதம் அடுத்த நூற்றாண்டிலும் ஓயவில்லை.

இல்லங்களில் பேசப்பட்ட யித்திஷ் மொழியையும் அவர் புறக்கணிக்கவில்லை. இத்தாலிய வீரகதை ஒன்றை அம்மொழியில் எட்டடிச் செய்யுள்களாகப் பாடினார். 1541-இல் அது அச்சேறியது.

பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா பாரிசில் பேராசிரியர் பதவி அளிக்க முன்வந்தார். யூதர் வாழ இசைவில்லாத நாட்டில் தாம் மட்டும் வாழ விரும்பாத லெவித்தா அதனை மறுத்தார்.

1549-இல் வெனிசில் அவர் மறைந்தார். நான்கே ஆண்டுகளில், 1553-இல், உரோமையிலும் வெனிசிலும் தல்மூது ஏடுகள் எரிக்கப்பட்டன. கல்வி, பகைமையை முற்றாகத் தடுத்துவிடவில்லை. அதனை நாம் மறைத்தல் ஆகாது. ஆயினும் அவர் எழுதிய இலக்கணங்களும் அகராதிகளும் இரு சமயத்தாராலும் பயிலப்பட்டன. நம் மொழியைக் கற்க வருபவர் யாராயினும் பிழையறக் கற்பிப்பதும், நம் மக்களோடு நிற்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதை ஆசிரியராகிய நாம் அவரிடம் கற்கலாம்.