வாங்கும் கையும் கொல்லும் கை



அருள் நெஞ்சில் ஊறினால் மட்டும் போதாது. கையிலும் விளங்குதல் வேண்டும். கொன்றவன் வேறு, விலைகொடுத்து உண்டவன் வேறு எனத் தம்மைத் தேற்றிக்கொள்வார் உளர். இப்பொய்யாறுதலைத் திருவள்ளுவப் பெருந்தகை, 'புலால் மறுத்தல்' என்னும் 26ஆம் அதிகாரத்திலேயே தகர்த்தெறிந்தார். வாங்குவார் இல்லையேல் விற்பாரும் இல்லை என்பதே அவர்தம் முடிபு. வாங்குவோன் நீட்டும் காசே கொலைக்கருவியைத் தீட்டுகின்றது.

புலாலோடு இது முடிவதன்று. ஊன் விலக்கிய மணப்பந்தலிலும் மணமகள் பட்டுடுத்தியன்றோ நிற்கின்றாள்! இழை அறாமல் நீளக் கிடைத்தற்பொருட்டு, கூட்டினுள் உறங்கும் புழுவை உயிரோடு அவித்தெடுத்த பட்டு அது. கைத்தறிப் பருத்திச் சேலை அவள் அழகைக் குறைத்துவிடுமோ? அதனை நெய்தார் வீட்டிலும் அடுப்பெரியுமே!

அடுப்பென்றவுடன் வடலூர் நினைவிற்கு வருகின்றது. 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வள்ளலார் ஆங்குத் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய தீ இன்றும் அணையவில்லை. சாதியும் சமயமும் கேளாது, பசியொன்றே கண்டு, ஊனில்லா உணவு இடப்படுகின்றது. அரிசியும் காயும் கொணர்வார் கொடையாலும், கூலி வேண்டாது அரிந்தும் வடித்தும் பரிமாறியும் நிற்பார் உழைப்பாலுமே அத்தீ எரிகின்றது.

ஆகலின், இளைஞர்காள்! திங்களில் ஒருநாளேனும் பசித்தார்க்குச் சோறிடச் செல்லுங்கள். வரகும் சாமையும் அவரையும் கீரையும் அடுக்களை ஏறட்டும். கடையில் காசை நீட்டுமுன், இப்பொருளுக்காக எவ்வுயிர் துடித்தது என்று ஒருமுறை கேளுங்கள். வள்ளுவரைப் போற்றும் இடம் மேடையன்று, சந்தையும் அடுக்களையுமே!