உடற்குறையுள்ளோர்க்கு உடற்பயிற்சியைத் தமிழில் சொல்லுதல்



மொழியியல் படித்தவர் உடற்பயிற்சியைப் பற்றிப் பேச வருவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். பணி ஓய்வுக்குப்பின் நம்மிடம் வந்த சிறு வேலை ஒன்றே இதற்குக் காரணம். சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவோர்க்கான பயிற்சிக் கையேடு ஒன்றின் தமிழ்ப்படியைப் பார்த்துத் திருத்தித் தருமாறு கேட்டார்கள். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் என்று ஒப்புக்கொண்டோம். மூன்று மாதம் ஆயிற்று. ஒற்றுப்பிழைகள் சிலவே இருந்தன. ஆனால் முதற்பக்கத்தின் முதல் வரியே "நிமிர்ந்து நின்று மூச்சை உள்ளே இழுங்கள்" என்றிருந்தது. நிற்க இயலாதவர்க்கென எழுதிய கையேட்டில் இப்படியொரு வரி! மொழிபெயர்த்தவரைக் குறை கூறிப் பயனில்லை. உடற்பயிற்சி என்றவுடன் நம் எவர் கையும் தானாக எழுதிவிடும் வரி அது.

பெயர்களை முதலில் பார்த்துவிடுவோம். புறநானூற்றின் 28ஆம் பாட்டு குறையுடைய பிறப்புகளை எட்டாக எண்ணுகிறது. கூன், குறள், ஊமை, செவிடு என்பன அவற்றுட் சில. அன்று அவை வெறும் பெயர்கள், இன்று வசைச்சொற்கள். மலேசியாவில் 'ஓராங் சாச்சாட்' என்னும் பழைய வழக்கு பின்தள்ளப்பட்டு, 'ஓராங் குராங் உபாயா' என்பது 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே இடம்பெற்றது. அந்த 'உபாயா' நம் 'உபாயம்' வந்த அதே வடசொல்லே என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 'மாற்றுத்திறனாளி', சிங்கப்பூரில் 'உடற்குறையுள்ளோர்'. பெயர்களைப் பற்றி நாம் வேண்டிய அளவு வாதிட்டுவிட்டோம். வினைச்சொற்களைப் பற்றித்தான் எவரும் பேசுவதில்லை.

'முடங்கு' என்பதை எடுத்துக்கொள்வோம். வளைதல், மடங்குதல் என்பன அதன் பொருள்கள். 'முடம்' என்பதும் அதன் இனச்சொல்லே. பின்னர் இயங்காமல் ஓரிடத்தில் கிடத்தல் என்னும் பொருளும் அதற்கு உண்டு. 'வீட்டிலேயே முடங்கிவிட்டார்' என்கிறோம். கால் மடங்கியவர் வீட்டுக்குள் ஒடுங்குவார் என்பதை ஒரே சொல்லால் சொல்லிப் பழகிவிட்டோம், இயற்கையாகவும் எண்ணிவிட்டோம்.

எம் வீட்டிலும் அப்படித்தான் எண்ணினார்கள். 1958இல் சிங்கப்பூரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது எம் தமக்கையாரின் வலக்கால் பாதிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது மூன்று. கம்பத்து வீட்டில் ஒரு சிறுகுடம் தண்ணீர் எடுக்கவும் அவரை விட்டதில்லை. "நீ உட்காரம்மா" என்பார் அம்மா. அதைவிட அன்பான சொல் எம் வீட்டில் இருந்ததில்லை. ஐம்பது வயதுக்குள் அவருக்கு நீரிழிவு வந்தது. நல்ல காலும் வலுவிழந்தது. ஒரு காலைத் தளர்த்தியது நோய். மற்றதைத் தளர்த்தியதில் எங்கள் அன்புக்கும் பங்கிருந்தது.

மருத்துவ உலகமும் நெடுங்காலம் "உட்கார்" என்றே சொல்லிவந்தது. முதுகுத்தண்டு அடிபட்டவர்க்கோ "படு" என்றது. படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த்தொற்றாலும் அவர்கள் மாண்டனர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர் இந்த வழக்கத்தை மாற்றத் தொடங்கினார். நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்தார், உட்காரவைத்தார், பந்து எறியவும் வில் எய்யவும் வைத்தார். 1948 ஜூலை 29ஆம் நாள், லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். இன்றைய பாராலிம்பிக் அதிலிருந்து வளர்ந்தது.

ஆயினும் பதக்கம் பெறுவோரைப் பற்றி நாம் அறிந்த அளவு, மற்றவர் நாள்தோறும் எவ்வளவு இயங்கவேண்டும் என்பதை அறியவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் உடலியக்க வழிகாட்டியில் உடற்குறையுள்ளோர்க்கெனத் தனிப்பகுதி இடம்பெற்றது 2020இல்தான். பெரியவர்க்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் நடுத்தர அளவிலான இயக்கம். வாரத்தில் 2 நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி என்கிறது அது. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்க்கென அனைத்துலக ஆய்வாளர் குழு ஒன்று வகுத்த வழிகாட்டி, இன்னும் சிறிய அளவிலிருந்து தொடங்குகிறது: உடல் உறுதிக்கு வாரம் இருமுறை 20 நிமிடம் மூச்சு வாங்கும் பயிற்சியும், அத்துடன் தசைப்பயிற்சியும். எண் சிறியதாக இருப்பது சலுகை அன்று. அந்த அளவிலேயே பயன் தெரிகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு.

கையேட்டுக்கு மீள்வோம். அதில் 'மிதமான உடற்பயிற்சி' என்று பன்னிரண்டு இடங்களில் எழுதியிருந்தது. அகராதிப்படி பிழை இல்லை. ஆனால் 'மிதமான சூடு' என்றால் நாம் வெதுவெதுப்பையே நினைக்கிறோம். தெரிந்தவர் சிலரிடம் கேட்டபோது, 'களைக்காமல் மெதுவாகச் செய்வது' என்றே பொருள் கூறினர். ஆய்வு சொல்வதோ அதுவன்று. மூச்சு வேகமாக வேண்டும், நெஞ்சு படபடக்க வேண்டும். ஒரு சொல்லால் வாசகர் பயிற்சியின் பயனையே இழப்பார்.

அளவை எண்ணால் சொல்லலாமே என்றால், கையேட்டில் நாடித்துடிப்பு அட்டவணையும் இருந்தது: 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் முற்றும் அறுபட்டவர்க்கு இதயத்தை விரைவுபடுத்தும் நரம்புவழி துண்டிக்கப்பட்டிருக்கும். எவ்வளவு முயன்றாலும் துடிப்பு பெரும்பாலும் 130ஐத் தாண்டாது. அட்டவணையை நம்பியவர் எட்டமுடியாத எண்ணை நோக்கித் தம்மை வருத்திக்கொள்வார். அதை நீக்கச் சொன்னோம்.

மாற்றாக, 'வியர்வை அரும்பும் அளவுக்கு' என்று நாமே ஒரு தொடர் அமைத்தோம். நல்ல தமிழ் என்ற பெருமிதமும் இருந்தது. கையேட்டுக் குழுவிலிருந்த இளம் இயன்மருத்துவர் ஒருவர் அதை மரியாதையுடன் அடித்துவிட்டார். தண்டுவடம் அடிபட்ட இடத்திற்குக் கீழே பலர்க்கு வியர்ப்பதே இல்லை. வியர்வைக்குக் காத்திருந்தால் நம் ஊர் வெப்பத்தில் உடற்சூடு ஏறி ஆபத்தாகும் என்றார். நிழலும் மின்விசிறியும், முகத்திலும் கையிலும் தெளிக்க நீரும் பயிற்சிக் கருவிகளோடு சேர்ந்தவை என்பதை அன்றுதான் கற்றோம். முடிவில் 'பேச முடியவேண்டும். பாட மூச்சு போதாதிருக்கவேண்டும்' என்று எழுதினோம். பேச்சுச் சோதனை என்று ஆய்வாளர் வழங்கும் எளிய அளவுகோல் அது. தமிழருக்குப் பாட்டை அளவுகோலாகத் தருவதில் தடையில்லை.

'தள்ளு', 'இழு' என்னும் இரண்டு வினைகளும் நம்மை அலைக்கழித்தன. நாற்காலியின் சக்கரத்தை நாள்தோறும் தள்ளுவோர்க்கு மார்பின் முன்தசைகள் இறுகுகின்றன, முதுகின் மேற்றசைகள் ஈடுகொடுப்பதில்லை, தோள்வலி வருகிறது. அவர்க்குக் காலோ நடையோ எல்லாம் தோள்தான். ஆகவே இழுக்கும் பயிற்சி இன்றியமையாதது: சக்கரத்தின் தடையைப் போட்டுவிட்டு, கதவுப்பிடியில் கட்டிய ரப்பர்ப் பட்டையின் இரு முனைகளையும் பிடித்து, தோட்பட்டைகள் பின்னால் நெருங்கும்படி இழுப்பது. கையேட்டின் தமிழ்ப்படியில் இது 'பட்டையைத் தள்ளவும்' என்றிருந்தது. ஒரு வினை மாறியதால் பயிற்சியே தலைகீழாயிற்று.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கவேண்டும். உடற்கல்வி வேளையில் சக்கர நாற்காலி மாணவருக்கு என்ன வேலை தருகிறோம்? நாம் பார்த்த பள்ளி ஒன்றில் அவர் ஓரத்தில் அமர்ந்து புள்ளிகளைக் குறித்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் பரிவோடுதான் அதைச் செய்தார். எம் அம்மாவின் பரிவும் அதுவே. அதே 2020ஆம் ஆண்டு வழிகாட்டி, உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கும் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட இயக்கம் வேண்டும் என்கிறது. லெங்கோக் பாருவில் 2015இல் திறக்கப்பட்ட இனேபிளிங் வில்லேஜில் அனைவரும் பயன்படுத்தக்கூடிய உடற்பயிற்சிக்கூடம் இருக்கிறது. ஆசிரியர்கள் ஒருமுறை சென்று, அங்குள்ள கருவிகளில் சக்கர நாற்காலிக்கு எப்படி இடம்விட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவரலாம்.

கையேட்டின் முதற்படியை எம் தமக்கையாரிடம்தான் கொடுத்தோம். இளம்பிள்ளைவாதம் கண்டவர் அளவு மீறினால் தசைகள் மேலும் தளரக்கூடும். மறுநாளும் களைப்பு நீங்காவிட்டால் முந்தைய நாள் செய்தது மிகை என்று இயன்மருத்துவர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். இப்போது காலையில் நாற்காலியில் அமர்ந்து பட்டையை இழுக்கிறார். இடையிடையே தமக்குப் பிடித்த முருகன் பாட்டைத் தொடங்கிப் பார்க்கிறார். இரண்டாம் அடியில் மூச்சு நின்றால் அளவு சரி; முழுப்பாட்டும் பாடிவிட்டால் அன்று போதிய அளவு இழுக்கவில்லை என்று தமக்குத் தாமே கணக்கு வைத்திருக்கிறார்.