நாமும் நாங்களும்



அயல்மொழி கற்போர் பொருட்பெயர்களை விரைவில் கைக்கொள்வர். தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடப் பெயர்களில்தான் இடறுவர். பொருட்பெயர் உலகத்துப் பொருளைச் சுட்டுகிறது. மூவிடப் பெயரோ பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையிலுள்ள உறவைச் சுட்டுகிறது. உறவை அகராதியில் தேடிப் பெற இயலாது.

அயர்லாந்தில் பிறந்து, 1838இல் சென்னைக்கு வந்து, தமிழ் பயின்றவர் கால்டுவெல். அவருடைய ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல். தமிழிலோ கேட்பவரையும் சேர்த்தால் 'நாம்'. அவரை விலக்கினால் 'நாங்கள்'. 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கண நூலில் இவ்வேறுபாட்டைத் திராவிட மொழிகளின் சிறப்பியல்புகளுள் ஒன்றாக அவர் குறித்தார். மூச்சைப்போல் நாம் எண்ணாமல் வழங்குவதை, வெளியிலிருந்து வந்தவர் உற்றுக் கவனித்தார்.

இத்தகைய கல்வி சிலமலை வட்டாரத்தார்க்கும் புதிதன்று. போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோர் ஏடும் ஆசிரியருமின்றி மலையாளம் கற்கின்றனர். 'வந்தேன்' என்னும் ஒரு சொல்லின் விகுதியிலேயே தமிழர் தம்மை அடக்கிவிடுகிறோம். மலையாள வினைமுற்றில் அவ்விகுதி இன்று இல்லை. 'வன்னு' என்று மட்டும் சொன்னால் வந்தது நானா, நீயா, அவளா என்பதைச் சூழலே காட்ட வேண்டும். தெளிவு வேண்டின் 'ஞான் வன்னு' என்பர். நம் 'நீங்கள்' மதிப்புச்சொல். அதை நம்பி மூத்தவர் ஒருவரை 'நிங்ஙள்' என்றால், அங்கே பல இடங்களில் அது மரியாதைக் குறைவு. 'சேட்டன்', 'சேச்சி' என முறைசொல்லி விளித்தலே வழக்கு. ஒலியால் உறவான சொல் மதிப்பால் வேறாகிவிட்டது.

ஆனால் 'நம்மள்', 'ஞங்ஙள்' என்னும் வேறுபாட்டை நம்மவர்க்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. 1956இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. அந்த எல்லைக்கு இருபுறத்தும், யார் உள்ளே, யார் வெளியே என்பதை ஒரே வகையில் பகுக்கும் இரு மொழிகள் வழங்குகின்றன.

இங்கே கவிஞர்களிடம் ஒரு விண்ணப்பம். தோட்டத்து உழைப்பைப் பாடும்போது 'நாம் நனைந்தோம், நாம் சுமந்தோம்' என எளிதில் எழுதிவிடுகிறோம். மழையில் அட்டைக்கடி பட்டுக் காய் பறித்த பெண் அதைக் கேட்டால், 'நாங்கள்' என்று திருத்துவாள். அத்திருத்தம் இலக்கணம் மட்டுமன்று, நீதியும் ஆகும். உழைப்பில் பங்குகொள்ளாதவர் அதன் பெருமையில் மட்டும் பங்குகொள்வதை அவள் மறுக்கிறாள்.

நம் அகப்பாடல்களில் தலைமக்களின் இயற்பெயர் வருவதில்லை. யான், நீ, அவர் என்னும் சிறு சொற்களே ஒரு காதலின் பாரம் முழுவதையும் தாங்குகின்றன. அம்மரபில் வந்தவர்கள் இச்சொற்களை அளந்தே வழங்க வேண்டும். 'நாம்' என்பது நாமாக எடுத்துக்கொள்ளும் சொல்லன்று. பிறர் நம்மைச் சேர்த்துக்கொண்டு அளிக்கும் சொல். பத்தாண்டு கண்ட இவ்வட்டம் அச்சொல்லுக்குத் தகுதி பெறும் கவிதைகளை இனியும் வளர்க்குமாக.