எத்திசையும் செல்லும் சில்லு

உதைபந்தாடும் இயந்திரங்களின் உலகப் போட்டியாகிய றோபோகப், 1997ஆம் ஆண்டு யப்பானின் நகோயா நகரில் தொடங்கியது. அதன் சிற்றளவுப் பிரிவில் ஒவ்வோர் இயந்திரமும் 180 மில்லிமீற்றர் விட்டத்துள் அடங்கவேண்டும்.

பந்து பக்கவாட்டில் உருண்டால், சாதாரணச் சில்லுடைய வண்டி திரும்பிய பின்னரே ஓடும். அதற்குள் பந்து போய்விடும். ஆகவே, பொறியியலாளர் சில்லின் விளிம்பைச் சுற்றிச் சிறு உருளைகளைப் பொருத்தினர். சில்லு சுழலும்போது வண்டியைத் தள்ளும். குறுக்கே இழுபடும்போது உருளைகள் உருண்டு வழிவிடும். வெவ்வேறு கோணங்களில் பூட்டிய நான்கு சில்லுகளின் வேகங்களைத் தனித்தனியே கணித்து இயக்கினால், வண்டி முகம் திரும்பாமலே எத்திசையும் செல்லும்.

ஆயினும், ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்கவே வேண்டும். வழிவிடும் அவ்வுருளைகளே, எதிரி இடிக்கையில் ஊன்றிநிற்கும் வலிமையைக் குறைத்துவிடுகின்றன. மோதல் மிகுந்த போட்டிகளில், பாரமும் செலவும் கூடினும், உருளையற்ற சில்லையே வேண்டிய திசைக்குத் திருப்பும் அமைப்பைப் பலர் நாடுவது இதனாலேயே. ஆட்டத்தின் இயல்பை அறிந்த பின்னரே சில்லைத் தெரிதல் நன்று.