அள்ளிக் கொடுப்பவனும் அளந்து கொடுப்போரும்

ஊவா மலைச்சரிவுகளில் ஆண்டுதோறும் ஒரு விந்தை நிகழ்கின்றது. தென்மேற்குப் பருவமழையை மலைத்தொடரின் மேற்குப் புறத்திலேயே இறக்கிவிட்டு, வறண்ட கச்சான் காற்று பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளை வந்தடையும். ஆடி, ஆவணி மாதங்களில் தேயிலைச் செடி தளரும், கொழுந்து அருகும். ஆயினும் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர் தேடித்தந்த நறுமணம் அவ்வறட்சிக் காலத்துக் கொழுந்திலேதான் அமைகின்றது. மனிதன் குறைவென்று அஞ்சும் பருவத்தையும் இறைவன் நிறைவாக்குகிறான் என்று இதனைக் கொண்டு பேசுவது எளிது. கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் அவ்வாறு பேசுவது அத்துணை எளிதன்று. மணம் எங்கோ ஒரு கோப்பைக்குப் போகின்றது. கூடையில் நிறை குறைந்தால் அவளுக்கு அரைப்பேர்தான் விழும்.

இறைவன் குறைவின்றித் தருவான் என்று போதிக்க விரும்புவோர் இம்மலைகளில் நின்று போதிப்பது நன்று. அச்சொல் இங்கே கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று.

1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் தானியத்தின் விலையும் எண்ணெயின் விலையும் ஏறின. இலங்கையில் உணவு இறக்குமதி சுருங்கியது, பங்கீடும் குறைந்தது. கிராமத்தவர் பலருக்குத் துண்டு வயலோ, மரவள்ளி நடுவதற்குக் கொல்லையோ இருந்தது. லயத்துக் காம்பராவில் வாழ்ந்தவர்களுக்கு நிலமில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் மிகப் பலருக்குக் குடியுரிமையும் இல்லை. பங்கீட்டு மாவும், தோட்டத்தார் சம்பளக் கணக்கில் அளந்த அரிசியுமே அவர்களது உணவு. 1974இல் தோட்டப்புறங்களில் இறப்பு விகிதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிடப் பெரிதும் உயர்ந்தது. பிழைப்புத் தேடி வன்னிக்குக் குடும்பத்தோடு இறங்கியவர்களும் உண்டு.

மாரியம்மனை வேண்டாதவர்களா அவர்கள்? அவ்வாண்டுகளிலும் அவர்கள் பறித்த கொழுந்து தேயிலையாகிக் கப்பலேறத்தான் செய்தது. அள்ளிக் கொடுப்பவன் கை சுருங்கவில்லை. இடையே நின்று அளந்த கைகளே சுருங்கின. பசித்தவனைப் பார்த்து, "நம்பிக்கையோடு இரு" என்பது பக்தியாகாது. அந்த உபதேசம் களஞ்சியத்திற்குப் பூட்டுப் போடுகிறவனுக்கே உரியது. நாளை கிடையாதோ என்று நடுங்கிப் பதுக்குகிறவன் அவனன்றோ!

மணிமேகலையின் அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது. எனினும் அதில் முதற் பிச்சையை இடுவதற்கு ஆதிரையின் கை வேண்டியிருந்தது. தமிழகத்துச் சிற்றூர்களில் உலையேற்றும் பெண் முதலில் ஒரு பிடி அரிசியை அறத்திற்கென்று தனிக்கலத்தில் இடுவாள். பிடியரிசி என்பது அதன் பெயர். மிச்சத்திலிருந்து எடுப்பதன்று அது. சமைக்குமுன், வீட்டாருக்குப் போதுமா என்ற கணக்கு முடியுமுன் எடுப்பது. பஞ்சத்திற்கு அஞ்சிக் கடல் கடந்து வந்தவர்களுள் இவ்வழக்கை அறிந்தவர்கள் பலர்.

மாதக்கணக்கில் அரிசியை ஆழாக்கு ஆழாக்காக எண்ணி உலையிலிடும் தோட்டத்துத் தாய், தை முதல் நாளன்று லயத்து வாசலில் அடுப்பு மூட்டுகிறாள். மூன்று கற்களின் மேல் புதுப்பானை. பால் விளிம்புக்கு ஏறுகின்றது. மற்ற நாளாயிருந்தால் ஒரு துளி சிந்தினாலும் பதறுகிறவள், இன்று தீயைத் தணிக்கவில்லை. பால் நுரைத்து வழிந்து நெருப்பிற் சீறுகின்றது. பிள்ளைகள் "பொங்கலோ பொங்கல்" என்று கூவுகிறார்கள்.