பழைய லேத் வாங்கலாமா?

(உழவர் மன்றக் கூட்டம் ஒன்றில் வேளாண் பொறியியலாளர் ஒருவர் ஆற்றிய உரை)



பயிர் கதிர்விடும் நேரத்தில் பம்புசெட்டின் புஷ் தேய்ந்துவிட்டால் என்ன ஆகிறது? பம்பைக் கழற்றி, நகரத்து லேத் பட்டறையில் கொடுத்து, முறை வரும்வரை காத்திருக்கிறோம். அரைமணி நேர வேலைக்காக மூன்று நாள் நீர்ப்பாய்ச்சல் நின்றுவிடுகிறது. ஆகவேதான், ஐ.டி.ஐ.யில் டர்னர் பயிற்சி முடித்த பிள்ளைகள் உள்ள குடும்பங்களில், "ஊரிலேயே ஒரு லேத் போட்டால் என்ன?" என்ற எண்ணம் எழுகிறது. புது லேத்தின் விலை எட்டுவதில்லை. பழையதைத் தேடிப் போகிறார்கள். நகையை அடகு வைத்து வாங்கும் பொருள் இது. மாடு பிடிக்கும்போது பல்லையும் சுழியையும் பார்க்கிற நாம், லேத்தின் புதுப் பெயிண்டைப் பார்த்து விலை பேசிவிடக் கூடாது.

என்ன வேலைக்கு?

தேயாத பழைய லேத் கிடையாது. எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது, அந்தத் தேய்மானத்தோடு நம் வேலை நடக்குமா என்பதே கேள்வி.

கலப்பைக்கும் டிரெய்லருக்கும் பின் கடைதல், பம்புக்குப் புஷ் போடுதல், கப்ளிங் துளையைப் பெரிதாக்குதல் போன்றவை நீளம் குறைந்த வேலைகள். ஓரளவு தேய்ந்த லேத்திலும் கைதேர்ந்தவர் இவற்றைச் சரியாகச் செய்துவிடுவார். நீளமான ஷாஃப்ட் கடைவது அப்படியல்ல. நீளம் கூடக் கூடத் தேய்மானத்தின் பிழையும் கூடும். டூல் 0.05 மி.மீ. விலகினால், விட்டத்தில் 0.10 மி.மீ. வேறுபாடு வரும். ஆகவே உங்கள் ஊரில் ஓராண்டில் என்னென்ன வேலை வரும் என்று முதலில் பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். அதை வைத்தே லேத்தைத் தேட வேண்டும்.

பார்க்க வேண்டிய இடங்கள்

அனுபவமுள்ள டர்னர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்கும் விற்பவருக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. டயல் கேஜ், மைக்ரோமீட்டர், 40 மி.மீ. கனமுள்ள இரும்புத் தண்டு ஒன்று ஆகியவற்றையும் கொண்டு செல்லுங்கள்.

1. பெட்: பெரும்பாலான வேலை சக்குக்கு அருகிலேயே நடப்பதால், பெட் அங்கேதான் அதிகம் தேயும். சேடிலைச் சக்குக்கு அருகில் நிறுத்தி, அதன் பூட்டுத் திருகை இலேசாக இறுக்குங்கள். பிறகு டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். ஒரே சீராக நகர்ந்தால் நல்லது. போகப் போக இறுகி நின்றுவிட்டால், சக்குப் பக்கம் பெட் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

2. ஸ்பிண்டில்: டயல் கேஜின் முள்ளை ஸ்பிண்டில் முகப்பில் வைத்து, சக்கில் பிடித்த தண்டை மேலே நெம்பிப் பாருங்கள். முள் 0.02 மி.மீ. அளவில் அசைந்தால் கவலையில்லை. 0.05 மி.மீ. தாண்டினால் பேரிங்கை இறுக்கிப் பார்க்க வேண்டும். அதிலும் சரியாகாவிட்டால் மாற்ற வேண்டிவரும். அரைமணி நேரம் வேகமாக ஓடவிட்டு, நிறுத்தியபின் பேரிங் இருக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். கை தாங்கும் சூடு இருக்கலாம்; தாங்காத சூடு கூடாது.

3. கியர்கள்: உறையைத் திறந்து எல்லாப் பற்களையும் பாருங்கள். மரை வெட்ட உதவும் மாற்றுக் கியர்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். லீட் ஸ்குரு அங்குல அளவில் இருந்தால், 127 பல் உள்ள கியர் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் மில்லிமீட்டர் மரைகளைத் துல்லியமாக வெட்டுவது கடினம்.

4. வார்ப்பு: பெட்டிலோ ஹெட்ஸ்டாக்கிலோ விரிசலோ, பற்றவைத்த தடமோ இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டாம்.

கிராஸ் சிலைடின் கைப்பிடி கால் சுற்று வெறுமனே சுற்றினால் அஞ்ச வேண்டாம். அது திருகும் நட்டும் தேய்ந்ததால் வருவது, மாற்றிக்கொள்ளலாம். சக்கின் ஜாக்களும் அப்படியே. ஆனால் இந்தச் செலவை விலையில் குறைத்துப் பேச வேண்டும்.

கடைந்து பார்த்தல்

தண்டைச் சக்கில் பிடித்து, 150 மி.மீ. வெளியே நீட்டி, டெயில்ஸ்டாக்கின் தாங்கல் இன்றி மெல்லிய வெட்டுக் கொடுங்கள். இரு முனைகளின் விட்டத்தையும் அளந்து பாருங்கள். வேறுபாடு 0.03 மி.மீ.க்குள் இருந்தால் நம் வேலைக்குப் போதும். அதிகம் இருந்தால் உடனே தள்ளிவிட வேண்டாம். தரை சமமில்லாமல் பெட் முறுக்கிக்கொண்டிருந்தாலும் இப்படி வரும். ரசமட்டம் வைத்துக் காலடியைச் சரிசெய்து மறுபடியும் கடைந்து பாருங்கள். அப்போதும் குறையாவிட்டால் குறை லேத்தில்தான் இருக்கிறது.

"இப்போது மின்சாரம் இல்லை, ஆனால் நன்றாக ஓடும்" என்று சொன்னால், மின்சாரம் உள்ள நாளில் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். ஓட்டிக் காட்டாத லேத்துக்குப் பழைய இரும்பின் விலைதான் மதிப்பு.

"பெட்டை கிரைண்டிங் செய்தால் புதிதாகிவிடும்" என்றும் சொல்வார்கள். கிரைண்டிங் செய்தபின் சேடில் கீழே இறங்கி, லீட் ஸ்குருவுக்கு நேராக இல்லாமல் போகும். அதை உயர்த்திச் சரிசெய்வது தனிச் செலவு. இரண்டு செலவுகளையும் கேட்டறிந்த பிறகே முடிவு செய்யுங்கள்.

கணக்கு

லேத்தின் விலை 90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழுதுபார்ப்பு, மோட்டார், வண்டி வாடகை, அடித்தளம் எல்லாம் சேர்ந்து 1,30,000 ஆகலாம். தவணையும் வட்டியும் மாதம் 4,000, மின்கட்டணம், டூல், எண்ணெய் 2,000 என்றால், மாதச் செலவு 6,000 ரூபாய். ஒரு வேலைக்குக் கூலி 200 ரூபாய் என்றால், முதல் 30 வேலைகள் செலவுக்கே போய்விடும். அதற்கு மேல் வருவதுதான் பிள்ளையின் உழைப்புக்கு ஊதியம். சுற்றுவட்டாரத்தில் மாதம் 30 வேலை கிடைக்காது என்றால், லேத் எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்க வேண்டாம்.

இன்னொன்று. விவசாயத்திற்கான இலவச மின் இணைப்பு பாசனத்திற்காகக் கொடுக்கப்பட்டது. அதில் லேத் ஓட்டக் கூடாது. பட்டறைக்குத் தனி இணைப்பு பெற ஆகும் செலவை மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லேத் ஓடும்போது வேட்டி, தோளில் துண்டு, தொளதொளத்த சட்டைக் கை ஆகியவை ஆபத்தானவை. சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஓட்டவும் கூடாது.

சுருங்கச் சொன்னால், பெட்டும் ஸ்பிண்டிலும் வார்ப்பும் நன்றாக இருந்து, மற்றவை தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்து வாங்கலாம். அந்த மூன்றில் ஒன்று கெட்டிருந்து, மற்றவை பளபளவென்று இருந்தால் வாங்கக் கூடாது. பார்த்த அன்றே முன்பணம் கொடுக்காமல், வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டு முடிவெடுத்துப் பயனடையுமாறு கேட்டுக்கொள்கிறேன்.